ரொட்டி அலமாரிக்கு மேலே ஒட்டிய நன்றிப் பக்கம்

அடுப்பு வெக்கையிலும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்ற என் அக்கா மகன் பாபுவுக்கு, உன் மாமன் ஏழுமலை தன் கையாலேயே எழுதுவது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கடுதாசி எதற்கு என்று கேட்பாய். கேட்டுக்கொள். ராயபுரத்தில் என் பேக்கரிப் பன்னைத் தின்னாமல் கப்பல் ஏறிய மாலுமி ஒருத்தன் கிடையாது. கிரீஸ் நாட்டுக் கேப்டன் ஒருவர் என் தேங்காய் பன்னுக்காகக் கப்பலையே ஒரு நாள் நிறுத்தி வைத்தார். அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரு கடுதாசி வராதா? நீ சிரிப்பது தெரிகிறது. கப்பல் நின்றது எஞ்சின் ரிப்பேருக்காக என்று உனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அவர் பன் தின்றது நிஜம்.

நீ எங்களை விட்டுப் போன அடுத்த வருஷம் கடல் பொங்கி வந்தது. காசிமேட்டில் படகுகள் ரோட்டுக்கு ஏறி நின்றன. அதையெல்லாம் பார்க்க நீ இல்லையே என்று ஒரு பக்கம் நினைத்தேன். இருந்திருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு யார் ஓடியிருப்பார்கள் என்று இன்னொரு பக்கம் நினைத்தேன். நான்தான் ஓடியிருப்பேன். இது கதை இல்லை.

முதலில் நல்ல சேதி. உன் தங்கச்சி அமுதா படிப்பை முடித்துவிட்டாள். இனிமேல் டாக்டர் அமுதா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். இன்னா ஆராய்ச்சி தெரியுமா? ஈஸ்ட்! நாம் மாவில் போட்டுப் பிசைகிற அதே ஈஸ்ட். இதைக் கேட்டதும் நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், எங்கள் குடும்பத்துத் தொழிலைத்தான் என் அக்கா மகள் யுனிவர்சிட்டியில் பெரிய அளவில் செய்கிறாள் என்று. மளிகைக்கடை அண்ணாச்சி, "அப்ப அங்கயும் பன்னு போடுதாகளா?" என்று கேட்டார். திருநெல்வேலிக்காரர் நக்கல்தான் உனக்குத் தெரியுமே.

ஆனால் அவள் அந்த ஈஸ்ட்டை எடுத்தது உனக்காக, பாபு. உன் நோய்க்காக.

எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், தப்பு இருந்தால் அவளைக் கேட்டுக்கொள். நம் உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு பவர் ஹவுஸ் இருக்கிறதாம். எண்ணூரில் புகைபோக்கி வைத்து நிற்கிறதே, அந்த மாதிரி. மைட்டோகாண்ட்ரியா என்று பேர். அதற்குள் இரும்பைச் சரியாகக் கையாள ஒரு சாமான் வேண்டும். அந்தச் சாமானைச் செய்யச் சொல்லும் எழுத்து, ஜீன் என்கிறாள், உன் உடம்பில் பழுதாகிவிட்டது. அதனால் உள்ளே இரும்பு தேங்கிப் போய், பவர் ஹவுஸ் துருப்பிடித்து, நரம்புக்கும் இதயத்துக்கும் கரண்ட் போகாமல் நின்றது. வேடிக்கை என்னவென்றால், அதே சாமான் ஈஸ்ட்டுக்குள்ளும் இருக்கிறதாம். அதை எடுத்துவிட்டால் ஈஸ்ட்டுக்கும் உன் வியாதி வருகிறது. மனுஷனை வெட்டிப் பார்க்க முடியாதல்லவா, அதனால் ஈஸ்ட்டை நோயாளி ஆக்கி, எது கொடுத்தால் பிழைக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இரும்பு என்றதும் நான் குதித்தேன். "நான் அப்பவே சொன்னேன்! ஹார்பர்ல இரும்புத் தாது கொட்றானுங்க, அந்தத் தூசுதான் என் புள்ள ஒடம்புல ஏறிக்கிச்சு!" உனக்கு ஞாபகம் இருக்கும், மாடியில் காயப்போட்ட வேட்டி சிவப்பாகிப் போகுமே. அதை வைத்து நான் உனக்கு முருங்கைக்கீரையை நிறுத்தினேன், இரும்புத் தோசைக்கல்லை அக்கா வீட்டிலிருந்து தூக்கி வந்து பரணில் போட்டேன். அலுமினியத் தவாவில் ஆறு மாசம் பிய்ந்த தோசை தின்றாய். அமுதா தலையில் அடித்துக்கொண்டாள். "அது வெளியிலேந்து வந்த இரும்பு இல்ல மாமா. எல்லார் ஒடம்புலயும் கீற இரும்புதான். அதை வெக்க வேண்டிய எடத்துல வெக்கத் தெரியல, அவ்ளோதான்."

தோசைக்கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அக்கா வாங்கி எண்ணெய் தடவி வைத்தாள்.

போன தை மாசம் அமுதா என்னை அவள் லேபுக்குக் கூட்டிப்போனாள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெரிய மேடத்திடம், "முப்பது வருஷமா நானும் ஈஸ்ட் வளக்கறேன் மேடம், எதுனா சந்தேகம்னா கேளுங்க" என்று சொன்னேன். அந்த அம்மா சிரித்து, கை கூப்பினார். அமுதா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "மாமா, இங்க எதையும் தொடாதீங்க, யாருக்கும் கிளாஸ் எடுக்காதீங்க" என்றாள்.

இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினாள். ஒன்றில் சர்க்கரை போட்ட தீனி. அதில் நல்ல ஈஸ்ட், நோயாளி ஈஸ்ட் இரண்டுமே பொட்டு பொட்டாக முளைத்திருந்தன. நோயாளிப் பொட்டு மட்டும் சின்னதாக இருந்தது. இன்னொன்றில் சர்க்கரைக்குப் பதில் கிளிசரின். "சினிமாவுல அழறதுக்குப் போடுவாங்களே, அந்தக் கிளிசரினா?" "அதேதான் மாமா. இதுல பொழைக்கணும்னா மூச்சு வுட்டே ஆகணும். பவர் ஹவுஸ் வேலை செஞ்சாதான் ஆவும்." அந்தத் தட்டில் மேல்வரிசையில் நல்ல ஈஸ்ட் கொழுத்து நின்றது. கீழ்வரிசை வெறும் தட்டு. ஒன்றுமே இல்லை.

அந்த வெறும் வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனிப்பாக யாராவது ஊட்டிக்கொண்டிருந்தால் எப்படியோ ஓட்டிவிடும். தன்னந்தனியாக மூச்சுவிட்டுப் பிழை என்றால் முடியாது. நீதானே அது?

பிறகு அவள் இன்னொரு தட்டு காட்டினாள். அந்த நோயாளி ஈஸ்ட்டுக்கு மனுஷனுடைய நல்ல எழுத்தை உள்ளே வைத்தால் கிளிசரினிலும் முளைக்கிறது. மனுஷனுடையது, பாபு, ஈஸ்ட்டுக்குப் பொருந்துகிறது. நமக்கும் அதற்கும் எத்தனை காலத்துச் சொந்தமோ! அவள் அஞ்சு வருஷமாகச் செய்தது வேறு. ஒரு மருந்துச் சாமான் கொடுத்துப் பார்த்ததில் அந்த வெறும் வரிசையில் மங்கலாக, பால் சிந்தித் துடைத்த மாதிரி, ஏதோ முளைத்திருக்கிறது. நான் "மருந்து கண்டுபுடிச்சிட்டியா!" என்று கத்திவிட்டேன். "இல்ல மாமா. இது ஈஸ்ட். மனுஷனுக்குப் போய்ச் சேர எவ்ளோ வருஷம் ஆவும்னு தெரியாது. போய்ச் சேருமான்னும் தெரியாது." எவ்வளவு சின்னதாகச் சொல்கிறாள் பார். என் கையில் அது கிடைத்திருந்தால் இந்நேரம் வியாதி ஒழிந்தது என்று தண்டையார்பேட்டை வரைக்கும் போஸ்டர் ஒட்டியிருப்பேன்.

வருவதற்கு முன்னால் ஈஸ்ட் வளர்க்கிற சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். குப்பென்று நம் பேக்கரி வாசனை வந்தது. "இதைத் தெறந்தாலே எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துடும் மாமா. லீவுக்கு நான் வந்தா அவன் சட்டையில இந்த வாசனைதான் இருக்கும்" என்றாள்.

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் என்று சொன்னேன். மயக்கம் இல்லை. காரணம் உனக்குத் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆராய்ச்சியைப் புத்தகமாக பைண்ட் பண்ணிக் கொடுக்க வேண்டும். அதில் முதலில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டாம். அமுதா அதை டைப் அடித்து எனக்கு ஒரு காப்பி கொடுத்தாள். முழுக்க இங்கிலீஷ். எனக்குத் தெரிந்தது என் பேரின் எழுத்துகள் மட்டும். அவளே தமிழில் படித்துக் காட்டினாள்: "என் அண்ணனின் நடையில் கோளாறு இருப்பதை எல்லோருக்கும் முன்பாகக் கண்டுபிடித்து, அவனைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற என் தாய்மாமன் ஏழுமலைக்கு."

அந்தக் கதையை அவளுக்குச் சொன்னவன் நான்தான். ஒரு தடவையா, நூறு தடவை. நீ இருக்கும்போதே, உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக்கூட்டி, கடைசியில் பெரிய டாக்டரே எழுந்து நின்று, "நீங்க மட்டும் பாக்கலைன்னா" என்று என் கையைக் குலுக்குகிற வரைக்கும் வந்துவிட்டது. அமுதா அப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, என் வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, ரொட்டி அலமாரிக்கு மேலே ஒட்டினேன். இங்கிலீஷ் தெரிந்த யார் வந்தாலும், "சார், இதுல இன்னா போட்டுக்கீது, கொஞ்சம் படிங்களேன்" என்பேன். ஸ்கூல் டீச்சர் படித்தார். ஹார்பர் கிளார்க் படித்தார். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என் பொய்யை எனக்கே சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பன் இலவசம்.

பதினோராவது நாளோ என்னவோ, அண்ணாச்சி முட்டை பிஸ்கட் வாங்க வந்தார். அவரையும் விடவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, அலமாரியைப் பார்த்தபடியே, "ஏழுமலை, அன்னைக்கு நான் எதிர்க்கடைக் கல்லாலதான இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். இலவசப் பன்னை எடுக்காமல், பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அன்றைக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிப் பார்க்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிற மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

நீ ஐ.டி.ஐ. முடித்து, விம்கோ நகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். சும்மா இருப்பானேன் என்று என் பேக்கரிக்கு வந்தாய். பத்தொன்பது வயசு. சாயங்காலம் அஞ்சு மணி, கடை வாசலில் கூட்டம். அடுப்பிலிருந்து பன் ட்ரேயை நீ தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தாய். வாசற்படியில் இரண்டு பக்கமும் ஆடினாய். ட்ரே போய் சாக்கடையில் விழுந்தது. பன் எல்லாம் கறுப்புத் தண்ணீரில் மிதந்தது. கூட்டத்தில் ஒருத்தன், "இன்னா நைனா, மருமவன் பகல்லயே ஏத்திகினு வந்துட்டானா?" என்று சிரித்தான்.

நீ ஏதோ சொல்ல வந்தாய். நாக்கு குழறியது. நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்து, உன் வாயை முகர்ந்தேன். கள் வாசனை அடித்தது.

பாபு, முதல்நாள் பிசைந்து வைத்த மாவு பதமாகப் பொங்கிவிட்டதா என்று ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்க்கிற பழக்கம் நம் பேக்கரிப் பழக்கம். அதை உனக்குப் பழக்கிவிட்டதே நான். ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவில் கள் வாசனை வரும் என்று இந்த ராயபுரத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? அத்தனை வருஷம் அந்த வாசனையில் கிடந்த மூக்கு அன்றைக்கு மட்டும் சாராயம் என்றது. நாலு பேர் சிரித்துவிட்டார்கள் அல்லவா, அதனால்.

அறைந்தேன். நீ விழுந்தாய். விழுந்தவன் எழுந்திருக்கச் சுவரைத் தேடியதைப் பார்த்தும், "ஊத்திகினு வந்து என் கடை மானத்த வாங்கறியாடா!" என்று மறுபடியும் கையை ஓங்கினேன். "மாமு, நான் குடிக்கல மாமு" என்றாய். குடிக்கிறவன் எல்லாம் அப்படித்தான் சொல்வான் என்றேன்.

அதோடு விட்டேனா? அடுத்த வெள்ளிக்கிழமை உன்னைக் கோயிலுக்கு இஸ்துகினு போனேன். குடியை நிறுத்த சாமி முன்னால் சத்தியம் பண்ணிக் கையில் கயிறு கட்டுவார்களே, அந்தக் கோயிலுக்கு. குடிகாரர்கள் வரிசையில் உன்னை நிறுத்தினேன். சத்தியம் செய்யும்போது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் பூசாரி. மூடினாய். அப்படியே சாய்ந்தாய். "தெளிஞ்சப்புறம் கூட்டினு வாய்யா" என்றார் அவர். நான் உன்னை முதுகில் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு கட்ட வைத்தேன். ஒரு சொட்டு குடிக்காத நீ, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாய்.

கடையில் மாவு ஒட்டிய முகத்தைக் கழுவும்போதும் நீ கண்ணை மூடியதும் குழாயைப் பிடித்துக்கொள்வாய். பார்த்திருக்கிறேன். உன் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பாதம் வில்லாக வளைந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் முன்பாகப் பார்த்தவன் நான்தான், அந்த மட்டும் அமுதா எழுதியது சரி. பார்த்து என்ன முடிவுக்கு வந்தேன் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

எட்டு மாசம் தெருவில் உனக்குக் குடிகாரன் என்று பேர். அந்தக் கம்பெனி ஆள் விசாரிக்க வந்தபோது யார் என்ன சொன்னார்களோ, வேலைக் கடுதாசி வரவே இல்லை. ஒருநாள் காலையில் நீ யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாய். இரண்டு பஸ் மாறி, பெரியாஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்கிற வரிசையில் நின்றாய். கூட வந்தவர் யார் என்று சீட்டு எழுதுகிறவர் கேட்டாராம். "யாரும் இல்ல சார், நான்தான்" என்றாயாம். கம்பியைப் பிடித்துக்கொண்டே மதியம் வரைக்கும் நின்றிருக்கிறாய்.

நான் வந்தது அதற்கப்புறம். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டி வா என்று டாக்டர் சொன்னதால் அக்காவோடு வந்தேன். சின்ன வயசு டாக்டரம்மா. உன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்து, "குடிப்பீங்களா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் கூரையைப் பார்த்தேன். "இல்ல டாக்டர், மாமு சந்தோஷத்துக்குக் கட்டிகினேன்" என்றாய்.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டர் அக்காவைக் கேட்டார். அத்தை மகனைக் கட்டிய அக்கா தலையைக் குனிந்தாள். அப்பா வழியில் ஒரு பழுது, அம்மா வழியில் அதே பழுது, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வியாதி என்றார். "எங்க குடும்பத்துல ஏழு தலமொறையா யாருக்கும் ஒன்னும் இல்ல" என்று நான் சண்டைக்குப் போனேன். எனக்கு என் தாத்தா பேருக்கு மேலே தெரியாது. ஏழு தலைமுறையாம்.

வெளியே வந்ததும் நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "அமுதாவாண்ட இப்போ எதையும் சொல்லாத மாமு. பரிச்சை டைம். வந்தப்புறம் வியாதிய மட்டும் சொல்லிக்கலாம்." வியாதியை மட்டும். நான் அறைந்ததை உனக்குள்ளேயே மூடிக்கொண்டாய். நீ எனக்குத் திறந்துவிட்ட அந்தக் கதவு வழியாகத்தான் என் கதை உள்ளே நுழைந்தது.

கட்டிலோடு நீ இருந்த கடைசி வருஷத்தில் ஒருநாள், அந்தக் கதையை அமுதாவுக்கு மறுபடி அளந்துவிட்டு எழுந்தேன். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். உனக்குப் பேச்சு ரொம்பக் குழறிப்போயிருந்த நேரம். என்னைக் கிட்டே வரச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தையாக, "மாமு... இந்தக் கதைல... நீ நல்லவனா கீற" என்றாய். சிரித்தாய். கேலி பண்ணவா சொன்னாய், மன்னித்துவிட்டா சொன்னாய்? அடுத்த ஆடியில் உன் இதயம் நின்றுபோனது. இன்னும் எனக்குத் தெரியவில்லை, பாபு. நீதான் சொல்லேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை திருவொற்றியூருக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். மறுநாள் அந்தப் பக்கமெல்லாம் பைண்டிங் கடைக்குப் போவதாக இருந்தது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வால் நீட்டி நின்றன. பஸ் நகரவில்லை. இறங்கி நடந்தேன். நடக்கும்போது, ஜுரத்தோடு நடந்தேன், பத்து மைல் நடந்தேன் என்று வழக்கம்போல ஒரு கதை மனசில் தானாகக் கட்டிக்கொண்டு வந்தது. கால் மைல்தான் நடந்தேன். ஜுரம் இல்லை.

அக்கா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அமுதா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

"அமுதா, அந்த நன்றிப் பக்கத்துல ஒரு தப்பு கீதும்மா."

"உங்க இனிஷியலா மாமா?"

"இல்ல. ஆளே தப்பு."

சொன்னேன். ட்ரே விழுந்தது, வாயை முகர்ந்தது, அறை, கயிறு, நீ தனியாக பஸ் ஏறியது. அவள் நாற்காலியைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. லேபில் கேட்கிற மாதிரி கேட்டாள். "அடிச்சது எந்த மாசம்?" "மாசி." "அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனது?" "ஐப்பசி." விரலை மடக்கினாள். "எட்டு மாசம்."

"தம்பி, போதும்டா" என்றாள் அக்கா.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இன்னாத்துக்கும்மா எனக்குச் சொல்லல?"

அக்கா அவரைக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானும்தானே நம்பனேன். கோயில்ல கயித்தை இறுக்கிக் கட்டச் சொல்லுன்னு நான்தானே சொல்லி அனுப்பனேன்."

நான்தான் கேட்டேன். இத்தனை வருஷம் கேட்கப் பயந்த கேள்வி. "அந்த எட்டு மாசம் முன்னாடியே போயிருந்தா, பொழைச்சிருப்பானா?"

"மருந்து அப்பவும் இல்ல மாமா. இப்பவும் இல்ல" என்றாள். எனக்கு ஒரு மூச்சு வந்தது. அவள் முடிக்கவில்லை. "ஆனா எட்டு மாசம் குடிகாரன்னு பேர் வாங்காம இருந்திருப்பான்."

அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். என் வரி பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. என் பேரும் போனது. பொய் சொல்வானேன், அழிந்த இடத்தையே எட்டிப் பார்த்தேன். அச்சில் ஏறியிருந்த ஒரே இடம் அதுதான். அவள் யோசித்து யோசித்துப் புதிதாக அடித்தாள். தமிழில் படித்துக் காட்டச் சொன்னேன்.

"ஆடுகிற கால்களோடு, துணைக்கு யாருமில்லாமல், தன் நோயின் பேர் என்ன என்று கேட்கப் போன என் அண்ணன் பாபுவுக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, பாபு. நான் என்னைப் பெரியவனாக்கிக்கொள்ள எடுத்தது வேறு யாருடையதும் இல்லை. உன் வாழ்க்கையில் நீ செய்த தைரியமான காரியம் அது. அதையும் உன்னிடமிருந்து எடுத்து நான் போட்டுக்கொண்டிருந்தேன். வேலை போனது, நடை போனது, பேச்சு போனது, கடைசியில் அந்த பஸ் பயணத்தையும் மாமன் எடுத்துக்கொண்டேன்.

அமுதா என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள், அக்கா தோசை வார்த்தாள், இரும்புக் கல்லில். புதுப் பக்கத்தில் ஒரு காப்பி எடுத்து என் கையில் கொடுத்து, "ஒட்டறதுன்னா இதை ஒட்டுங்க" என்றாள். பழசைக் கிழித்தேன். பசை காய்ந்துபோய் சுவர்ச் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது. அந்த இடத்திலேயே புதுசை ஒட்டியிருக்கிறேன். சிவப்புக் கோடு இல்லை.

முதலில் படித்தவர் அண்ணாச்சி. நான் கூப்பிடவில்லை, அவராகவே ரோட்டைத் தாண்டி வந்தார். படித்தார். பக்கத்தில் ரஸ்க் வாங்க நின்ற ஒரு அம்மா, "யாருங்க இந்த பாபு? ஏன் துணைக்கு யாரும் போகல?" என்று கேட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். நடுவில் கிரீஸ் கேப்டன் வரவில்லை. டாக்டர் எழுந்து நின்று கை குலுக்கவில்லை. அந்த அம்மா ரஸ்க்கை வாங்காமல் போய்விட்டாள். அண்ணாச்சி நின்று ஒரு பன் எடுத்துப் பிட்டுத் தின்றார்.

வெள்ளிக்கிழமை அந்தக் கோயிலுக்கும் போய்வந்தேன். அதே பூசாரி, தலை நரைத்துவிட்டது. "எத்தினி நாளைக்குக் குடிய வுடணும்?" என்று கேட்டார். "குடி இல்ல சாமி. ஒரு பையனப் பத்தி பொய் சொல்றத வுடணும். நாள் கணக்கெல்லாம் வேணாம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் கட்டிவிட்டார். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். நான் சாயவில்லை, பாபு. கால் கல்லு மாதிரி நின்றது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இது என் சத்தியம். கடை திறந்திருக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் அங்கே இருக்கும். யார் அது என்று கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் நானே சொல்வேன், எதையும் கூட்டாமல். பன் விற்காமல் போனாலும் சொல்வேன். கப்பல் கதை, கேப்டன் கதை எல்லாம் விட மாட்டேன், அதெல்லாம் விட்டால் நீயே என்னை அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாய். உன் கதையில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

உன்னை அடித்த கையில் கயிறு கட்டிக்கொண்டு,
உன் தாய்மாமன்
ஏழுமலை